முட்டுக்கட்டைக்காரர்களுக்கும் ஒரு நாற்காலி

ஒரு மாநாட்டின் மனசாட்சியை அறிய அதன் தொடக்கவுரையைக் கேட்க வேண்டியதில்லை. அழைக்கப்பட்ட உரையாளர்களின் பட்டியலைப் படித்தால் போதும். தொடக்கவுரையில் எல்லோரும் மக்களைப் பற்றித்தான் பேசுவார்கள். யாருடைய அறிவு அறிவாக மதிக்கப்படுகிறது என்பது பட்டியலில்தான் தெரியும். இலக்கியக் கருத்தரங்குகளுக்குப் போய்வந்த நம் வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வட்டார இலக்கியம் குறித்த அரங்கில் அந்த வட்டாரத்துக்காரர் ஒருவர்கூட மேடையில் இல்லாததைப் பார்த்து நாம் கோபப்பட்டிருக்கிறோம், எதிர்வினைகள் எழுதியிருக்கிறோம். அந்தக் கோபத்தை ஒருமுறையேனும் மருத்துவத்தின் பக்கம் திருப்ப வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் எடுத்துக்கொள்வது நரம்பியல் அறுவை சிகிச்சை மாநாடுகளை. நின்று பேசும் இடம் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள்.

இம்மாநாடுகளின் நிகழ்ச்சி நிரல்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. முதல் பக்கத்தில் புரவலர்களும் அமைப்புக்குழுவும். அடுத்து, வட்ட வடிவ நிழற்படங்களுடன் வெளிநாட்டு விருந்தினர்கள். அதற்கடுத்து, சற்றே சிறிய வட்டங்களில் டெல்லி, மும்பை, பெங்களூரு விருந்தினர்கள். உள்ளூர் மருத்துவர்கள் அமர்வுக்குத் தலைமை வகிப்பார்கள், நேரம் முடிந்ததென்று நினைவூட்டுவார்கள், பொன்னாடை போர்த்துவார்கள். உரைத் தலைப்புகள் மண்டையோட்டின் அடித்தளக் கட்டிகள், ரத்தக்குழாய் வீக்கங்கள், நோயாளி விழித்திருக்கையிலேயே செய்யப்படும் மூளை அறுவை, எண்டோஸ்கோப், ரோபோ என்று போகும். தலைக்காயத்துக்கும் ஓர் அமர்வு இருக்கும். பெரும்பாலும் அது சிறிய அரங்கில், மதிய உணவுக்குப் பிறகு, இளம் மருத்துவர்கள் தங்கள் முதல் கட்டுரையை வாசித்துப் பழகும் இடமாக இருக்கும்.

இதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். குற்றத்தைச் சொல்வதற்கு முன் ஒரு தெளிவு. வெளியிலிருந்து விருந்தினர்கள் வரக் கூடாது என்பது என் கட்சியல்ல. இத்துறை நம்மிடம் வேரூன்றியதே கடல்கடந்த கல்வியால்தான். மாண்ட்ரியலில் பென்ஃபீல்டிடம் பயின்று திரும்பிய ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நாட்டின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். இங்கிலாந்தின் நியூகாசிலில் ரௌபாத்தமிடம் பயின்ற பி. ராமமூர்த்தி 1950-இல் சென்னை பொது மருத்துவமனையில் பணியைத் தொடங்கினார். இவ்விருவரும் பல்தேவ் சிங், எஸ்.டி. நரசிம்மன் ஆகியோருடன் சேர்ந்து 1951-இல் இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினார்கள். 38 ஆண்டுகள் கழித்து, 1989-இல், உலக நரம்பியல் அறுவை மருத்துவர்களின் மாநாடே டெல்லிக்கு வந்தது. விருந்தினர்களை வரவேற்கத் தெரிந்த மரபு நம்முடையது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் மேற்சொன்னதில் ஒரு விவரம் கவனிக்கத்தக்கது. ராமமூர்த்தியின் ஆசான் ரௌபாத்தம் எழுதிப் புகழ்பெற்ற நூல் அரிய கட்டிகளைப் பற்றியதன்று. தலையில் படும் உடனடிக் காயங்களைப் பற்றியது; 1942-இல் வெளிவந்தது. அதாவது நம் மூத்தோர் மேற்கிலிருந்து கொண்டுவந்த கல்வியின் நடுவில் தலைக்காயம் இருந்தது. அது எப்போது சிறிய அரங்குக்கும் மதிய உணவுக்குப் பிந்தைய நேரத்துக்கும் ஒதுக்கப்பட்டது என்பதுதான் என் கேள்வி.

இனி நிலத்துக்கு வருவோம். பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பள்ளிப் பாடத்திலேயே படிக்கிறோம். அந்தக் கொம்யூனின் கிழக்கு விளிம்பில் ஓடுகிறது கடலூர் சாலை. வில்லியனூர் கொம்யூனை ஊடுருவிப் போகிறது விழுப்புரம் சாலை. கடலூர் சாலையோரம் பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் மருத்துவக் கல்லூரிகள் எழுந்திருக்கின்றன. விழுப்புரம் சாலையில் அரியூரில் ஒன்று. ஒரு சாலையோரத்து ஊர் இத்தனை மருத்துவக் கல்லூரிகளைப் பார்ப்பது இந்தியாவில் எல்லோருக்கும் வாய்ப்பதல்ல. அதே சாலைகளில்தான் ஆலை வேலைக்கும் கட்டட வேலைக்கும் கல்லூரிக்கும் போகிறவர்கள் இரண்டு சக்கரங்களில், பெரும்பாலும் வெறுந்தலையுடன், போகிறார்கள். நகரத்துக்குள் விழுந்தவனுக்கு ஆட்டோ கிடைக்கும், தெரு விளக்கு இருக்கும். ஏரிக்கரையை ஒட்டிய கிளைச்சாலையில் இரவு பதினொரு மணிக்கு விழுந்தவனை முதலில் பார்ப்பது பெரும்பாலும் வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டுத் திரும்பும் யாரோ ஒருவர்தான்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள் 74,897 பேர். தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். இவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். இறந்தவர்களின் கணக்கு இது. உயிர் மிஞ்சி, பேச்சோ நினைவோ கை கால் அசைவோ மிஞ்சாதவர்களுக்கு இப்படியொரு துல்லியமான கணக்கு நம்மிடம் இல்லை. கணக்கில்லாதவர்கள் மாநாட்டிலும் இல்லாமல் போவதில் வியப்பென்ன?

தலைக்கவசம் போக்குவரத்துக் காவலரின் வேலை, அறுவை மருத்துவருக்கு அதில் என்ன என்று கேட்பவர்கள் ஹியூ கெய்ர்ன்ஸின் வரலாற்றைப் படிக்க வேண்டும். 1935 மே மாதம் மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கியெறியப்பட்டு நினைவிழந்து கிடந்தார் ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று உலகம் அறிந்த டி.இ. லாரன்ஸ். அவருடைய படுக்கையருகே அழைக்கப்பட்டவர்களில் ஒருவர் கெய்ர்ன்ஸ், அன்றைய பிரிட்டனின் முதல்வரிசை நரம்பியல் அறுவை மருத்துவர். லாரன்ஸ் ஆறாம் நாள் இறந்தார். கெய்ர்ன்ஸ் அந்தத் தோல்வியை அங்கேயே விட்டுவிடவில்லை. போர்க்காலத்தில் மோட்டார் சைக்கிளில் செய்தி சுமந்து சென்ற ராணுவத்தினரின் தலைக்காயங்களைத் தொகுத்து, 1941-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் தலைக்கவசத்தின் முக்கியத்துவம் குறித்து எழுதினார். கவசம் அணிந்து விபத்துக்குள்ளானவர்களில் அவர் கையில் அப்போது இருந்தவை 7 நேர்வுகள்தாம். அந்த எழுவரும் பிழைத்திருந்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கான சட்டம் 1973-இல்தான் வந்தது. அதற்கு இருபதாண்டுகளுக்கு முன்பே கெய்ர்ன்ஸ் இறந்துவிட்டார். தன் வாழ்நாளில் அவர் திறந்த மண்டைகளைவிட, திறக்க வேண்டிய அவசியமே வராமல் அவர் காத்த மண்டைகள் பல மடங்கு அதிகம்.

அதோடு நம் புதுச்சேரியை ஒப்பிடுங்கள். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 129ஆம் பிரிவு தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கி முப்பதாண்டுகளுக்கும் மேலாகிறது. 2019 பிப்ரவரியில் அன்றைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி தெருவில் இறங்கி வண்டிகளை நிறுத்தியதும், அன்றைய முதல்வர் நாராயணசாமி கறுப்பு உடையில் ஆளுநர் மாளிகை முன் தர்ணாவில் அமர்ந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் தலைக்கவச விவகாரமும் ஒன்றாக இருந்ததும் நினைவிருக்கலாம். ஒரு மனிதனின் மண்டையோடு யாருடைய அதிகார எல்லைக்குள் வருகிறது என்று இரண்டு மாளிகைகள் சண்டையிட்ட நாட்கள் அவை. அந்தச் சண்டை நமக்கு அரசியலாகத்தான் நினைவிருக்கிறது, மருத்துவமாக நினைவில் இல்லை. தலைக்கவசம் அணிவது தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் இறப்பை 42 சதவீதமும் குறைக்கிறது என்ற ஆய்வுத் தொகுப்பு 2008-லேயே வெளிவந்துவிட்டது. அதைக் கடலூர் சாலையில் வண்டி ஓட்டுகிறவனின் மொழியில், அவன் நம்பும் ஒருவரின் குரலில், யார் சொன்னார்கள்? சொல்லத் தகுதியும் மரியாதையும் உள்ளவர்கள் குளிரூட்டப்பட்ட அரங்குக்குள் ரோபோவைப் பார்த்துக்கொண்டிருந்தால் தெருவில் அரசியல்வாதியின் குரல்தான் கேட்கும்.

இரண்டாவது உதாரணம் இன்னும் கசப்பானது. தலையில் அடிபட்டவர்களுக்கு ஸ்டீராய்டு மருந்து கொடுப்பது முப்பதாண்டுகளுக்கும் மேலாக உலகெங்கும் பரவலாக இருந்த வழக்கம். வீக்கத்தைக் குறைக்கும், ஆகவே உயிரைக் காக்கும் என்ற தர்க்கம் கேட்பதற்கு நன்றாகவே இருந்தது. இந்த வழக்கத்தைச் சோதித்துப் பார்த்தது 49 நாடுகளின் 239 மருத்துவமனைகளில் 10,008 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்ட ‘க்ராஷ்’ என்னும் ஆய்வு. 2004-இல் முடிவு வந்தது. இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 சதவீதம், பெறாதவர்களில் 17.9 சதவீதம். காப்பதாக நினைத்த மருந்து கொன்றுகொண்டிருந்தது. முப்பதாண்டு காலம் எத்தனை மேடைகள், எத்தனை சிறப்புரைகள், எத்தனை பொன்னாடைகள்! உண்மையைச் சொன்னவர்கள் பத்தாயிரம் சாதாரண நோயாளிகளும், இரவுப்பணியில் அவர்களுடைய படிவங்களை நிரப்பிய பெயர் தெரியாத மருத்துவர்களும் செவிலியர்களும்தாம். பேராளுமைகளின் அனுபவம் தவறலாம், அதை எண்ணிப் பார்க்கிறவர்கள் வேண்டும் என்பதை இத்துறை பெரும் விலை கொடுத்துக் கற்றது. கற்ற பிறகும் மேடையைப் பேராளுமைகளுக்கே எழுதிவைப்பது என்ன நியாயம்?

மூன்றாவது உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. வலிப்பு நோயுடன் வருகிறவர்களின் ஸ்கேனில் தெரியும் ஒற்றைச் சிறு புள்ளியை இந்தியாவில் நெடுங்காலம் காசநோய்க் கட்டி என்றே கருதி, மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்துவந்தார்கள். வேலூர் மருத்துவர்கள் அவற்றை எடுத்துச் சோதித்து, பெரும்பாலானவை நாடாப்புழுவின் இளம் பருவம் மூளையில் தங்கியதால் வந்தவை என்று காட்டினார்கள். 1989-இல் லான்செட் இதழில் அது வெளியானது. அக்குழுவில் இருந்த வேதாந்தம் ராஜசேகர் போன்றவர்கள் பின்னர் மருத்துவமனையைவிட்டு வெளியே வந்து வேலூர் மாவட்டத்தில் ஏறத்தாழ 50,000 பேரைக் கணக்கெடுத்தார்கள். 2006-இல் வெளியான அந்த ஆய்வு, அங்கு வலிப்பு உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்குக் காரணம் இந்தப் புழுதான் என்று சொன்னது. அறுவை மருத்துவர் ஒருவர் கிராமத்துக் கழிப்பறையைப் பற்றியும் பன்றி வளர்ப்பைப் பற்றியும் கவலைப்பட நேர்ந்த தருணம் அது. உலகம் வேலூரைக் கேட்டது. வேலூர் தன் வாசலில் வந்து நின்ற நோயைத் தன் கண்ணால் பார்த்ததனால் கேட்டது.

கெய்ர்ன்ஸ், க்ராஷ், வேலூர் ஆகிய மூன்றும் சொல்வது ஒன்றே. இத்துறையில் ஏராளமான உயிர்களைத் தொட்ட அறிவு பக்கத்தில் கிடந்ததைக் குனிந்து பார்த்தவர்களிடமிருந்து வந்தது. அப்படியிருக்க, புதுச்சேரியில் நடக்கும் ஒரு நரம்பியல் மாநாடு, அரியூரிலும் கிருமாம்பாக்கத்திலும் இரவில் இறக்கப்படும் நோயாளியைப் பற்றிப் பேச யாரையும் சிறப்பு விருந்தினராக அழைக்காதென்றால், அது தன் துறையின் வரலாற்றுக்கே புறம்பாக நடந்துகொள்கிறது என்பேன்.

அறுவை முடிந்த பிறகு நடப்பதைப் பற்றியும் பேசியாக வேண்டும். மூளை வீங்கும்போது மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு வீக்கத்துக்கு இடம் கொடுக்கும் அறுவையைப் பலர் அறிவார்கள். எடுத்த எலும்பைச் சில நேரங்களில் நோயாளியின் வயிற்றுத் தோலுக்கடியிலேயே தைத்துப் பாதுகாப்பார்கள். இந்த அறுவையைச் சோதித்த 408 பேர் கொண்ட பன்னாட்டு ஆய்வு 2016-இல் வெளியானது. ஆறு மாத முடிவில் அறுவை செய்யப்பட்டவர்களில் இறந்தவர்கள் 26.9 சதவீதம், மருந்து சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 48.9 சதவீதம். பெரிய வெற்றி. ஆனால் அதே ஆய்வில், உணர்வற்ற நிலையில் கிடந்தவர்கள் அறுவைக் குழுவில் 8.5 சதவீதம், மற்றக் குழுவில் 2.1 சதவீதம். அன்றாடத் தேவைகளுக்குப் பிறரை நம்பியிருந்தவர்கள் 21.9 சதவீதம், மற்றக் குழுவில் 14.4 சதவீதம்.

இந்த ‘பிறர்’ யார்? ஆங்கிலக் கட்டுரையில் அது ஒரு வகைப்பாடு. வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமத்தில் அது ஒரு மனைவி, ஒரு தாய், பள்ளியைவிட்டு நின்றுபோன ஒரு மகள். மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றவும், முதுகில் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கவும், எலும்பில்லாத பக்கம் சாய்ந்துவிடாமல் தலையைப் பார்த்துக்கொள்ளவும், நேற்றுவரை சாதுவாயிருந்த மனிதன் இன்று கெட்ட வார்த்தையில் திட்டும்போது அது அவனல்ல, அவன் மூளையின் காயம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவும் அவள் கற்றுக்கொள்கிறாள். தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம் விபத்துக்குப் பிறகான முதல் 48 மணி நேரத்தைப் பார்த்துக்கொள்கிறது. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டம் 7 நாட்கள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை. இரண்டும் வரவேற்கத்தக்கவை, உயிர் காப்பவை. எட்டாம் நாள் தொடங்குவதுதான் அவளுடைய காலம். அதற்குத் திட்டமில்லை, அமர்வில்லை, உரையாளர் இல்லை.

அந்த 8.5 சதவீதத்தைப் பற்றி, அதைக் கணக்கிட்ட பேராசிரியர் பேசட்டும், கேட்கக் காத்திருக்கிறேன். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் அந்தச் சதவீதத்துக்குள் வாழ்கிற வீட்டிலிருந்து ஒருவர் உட்கார வேண்டும் என்பதே என் வாதம்.

இங்கே மொழியின் கேள்வி தவிர்க்க முடியாமல் வந்து நிற்கிறது. இத்துறையில் அதிகம் பயன்படும் கருவி எது? நுண்ணோக்கியோ ஸ்கேனோ அல்ல. 1974-இல் கிளாஸ்கோவில் டீஸ்டேலும் ஜென்னட்டும் வகுத்த நினைவுநிலை அளவுகோல். கண் திறக்கிறானா, பேசுகிறானா, கை காலை அசைக்கிறானா என்ற மூன்று கேள்விகள். 3 முதல் 15 வரை மதிப்பெண். ஒரு காசு செலவில்லை. அதன் நடுவில் இருப்பது பேச்சு. நள்ளிரவில் செவிலியர் குனிந்து, “பேரு இன்னா? எந்த ஊரு? இப்ப எங்க இருக்க, தெரியுதா?” என்று கேட்கிறார். நோயாளி தமிழில் முனகுகிறான், அல்லது சம்பந்தமில்லாமல் எதையோ சொல்கிறான். அவன் சொன்னது குழப்பமா, பாகூர்ப் பக்கத்து வழக்கா, குடிபோதையா என்று தீர்மானிப்பது அந்தச் செவிலியரின் தமிழ்ச்செவி. அதன் பிறகுதான் அது ஆங்கிலத்தில் ஓர் எண்ணாகி, அட்டவணையாகி, உரையாகி மேடைக்குப் போகிறது. மூளை தமிழில் பேசியது. மாநாட்டில் அதைத் தவிர எல்லாம் ஒலிபெருக்கியில் கேட்கிறது.

பாகூருக்கு இது புதிதல்ல என்று நினைக்கும்போது சிரிப்பும் வருத்தமும் சேர்ந்தே வருகின்றன. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், மூன்று ஊர்கள் வாகூரின் வித்யாஸ்தானத்துக்கு, அதாவது உயர்கல்விக் கூடத்துக்கு, கொடையாக வழங்கப்பட்டன. அதைச் சொல்லும் செப்பேடுகள் பின்னாளில் பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அச்செப்பேடுகளில் மன்னர் குலத்தின் புகழும் கல்வியின் பெருமையும் வடமொழியில் இருக்கின்றன. எந்த நிலம், எது எல்லை என்ற விவரம் தமிழில் இருக்கிறது. புகழ் ஒரு மொழியில், நிலம் இன்னொரு மொழியில். ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்தும் ஏற்பாடு மாறவில்லை. கடலூர் சாலையின் கல்லூரிகளுக்குச் சுற்றுவட்டாரத்து ஊர்கள் நிலத்தைத் தந்தன; மாணவர்கள் கற்பதற்கு நோயாளிகளையும் தருகின்றன. கொடுப்பது தமிழில் நடக்கிறது. பெருமை வேறு மொழியில் எழுதப்படுகிறது.

தமிழில் நரம்பியல் பேச முடியுமா என்ற பழைய கேலியை யாரும் எடுக்க வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் தமிழ் கற்று, மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, தமிழில் நூல்கள் வெளியிட்டு மருத்துவர்களை உருவாக்கினார். வெளியிலிருந்து வந்த விருந்தினர் ஒருவர் செய்ததை நம் வீட்டுக்காரர்கள் ஓர் அமர்வுக்குக்கூடச் செய்ய மாட்டார்கள் என்றால் குறை மொழியிடம் இல்லை.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்த வாதம் அரைகுறையாகும். மருந்து நிறுவனங்களின் விற்பனை நடைமுறைகளுக்கு மத்திய அரசு 2024 மார்ச் மாதம் ஒரு சீரான நெறிமுறையை வெளியிட்டது. மருத்துவர்கள் மாநாடுகளுக்குப் போய்வர நிறுவனங்கள் பயணச் செலவையும் தங்கும் செலவையும் ஏற்கக் கூடாது என்கிறது அது. ஒரே ஒரு விலக்கு உண்டு: அந்த மருத்துவர் தொடர்கல்வி நிகழ்ச்சியில் உரையாளராக இருந்தால் ஏற்கலாம். ஆக, ‘உரையாளர்’ என்ற சொல் இன்று வெறும் கௌரவமல்ல; ஒரு வாசல். அந்த வாசலை யாருக்குத் திறப்பது என்பது ஒரு முடிவு, அதற்குப் பின்னால் ஒரு நலன் இருக்கக்கூடும். விலையுயர்ந்த கருவியைப் பற்றிப் பேசுகிறவருக்கு விமானச் சீட்டு எடுத்துத்தர ஆளிருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் போடுவதைப் பற்றிப் பேசுகிறவருக்கு யார் பேருந்துச் சீட்டு எடுத்துத்தருவார்கள்? புரட்டிப் போடுவதை எந்த நிறுவனமும் தயாரித்து விற்பதில்லையே.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். முதலாவது, இது வல்லுநர்களின் மாநாடு, பொதுக்கூட்டமல்ல என்பது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தலைக்காய நோயாளியின் முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றி 108 வண்டியின் உதவியாளரைவிட வல்லுநர் யார்? ஸ்கேன் இல்லாத இடத்தில், இந்த நோயாளியை அனுப்புவதா வைத்துக்கொள்வதா என்று விடிகாலை இரண்டு மணிக்கு முடிவெடுக்கும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்குத் தெரிந்தது, அவன் வந்துசேர்ந்த பிறகே பார்க்கிற பேராசிரியருக்குத் தெரியுமா? வல்லமை என்பதன் எல்லையை அறுவை அரங்கின் கதவோடு நிறுத்திக்கொள்வதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

இரண்டாவது, நோயாளியின் குடும்பத்தை மேடையேற்றுவது காட்சிப்பொருளாக்குவதாகும் என்பது. இது மதிக்கத்தக்க எதிர்ப்பு. சக்கர நாற்காலியில் ஒருவரைத் தள்ளிக்கொண்டுவந்து நிறுத்தி, கைதட்டல் வாங்கி, அனுப்பிவிடும் நிகழ்ச்சிகளை நானும் வெறுக்கிறேன். அதற்கு மருந்து அவர்களை அழைக்காமலிருப்பதல்ல. உரையாளருக்குரிய எல்லாவற்றையும் கொடுத்து அழைப்பது. பெயர் நிரலில் அச்சாக வேண்டும். இருபது நிமிடமும், கேள்வி நேரமும், பயணச் செலவும், வராத நாளின் கூலியும் தரப்பட வேண்டும். பேச மறுக்கும் உரிமையும் அவர்களுக்கு வேண்டும்.

மூன்றாவது, அரிய கட்டிகள் பாகூர்க்காரனுக்கும் வருமே, அவனுக்கும் உயர்ந்த அறுவை வேண்டாமா என்பது. வேண்டும், நிச்சயம் வேண்டும். ரோபோ உரையை நீக்கச் சொல்லவில்லை. பெரிய அரங்கில், காலை ஒன்பதரை மணிக்கு, எல்லோரும் விழித்திருக்கும் நேரத்தில், தலைக்காயத்தையும் அதன் எட்டாம் நாளையும் வைக்கச் சொல்கிறேன். மருத்துவர்கள் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரம் தொடர்கல்வி பெற வேண்டும் என்று விதி இருக்கிறது. அதில் ஒரு மணி நேரத்தை இதற்குக் கொடுத்தால் துறை ஒன்றும் பின்தங்கிவிடாது.

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே ஆளுநர் வந்து வடம் பிடிப்பது அங்கு மரபு; இன்றும் துணைநிலை ஆளுநர் வருகிறார், முதல்வர் வருகிறார். படம் எடுக்கப்படுகிறது, மறுநாள் பத்திரிகையில் வருகிறது. சில அடி தூரத்துக்குப் பிறகு விருந்தினர்கள் விலகிக்கொள்கிறார்கள். தேரை இழுப்பவர்கள் ஊர்க்காரர்கள். திருப்பத்தில் அது வீட்டுத் திண்ணையில் ஏறிவிடாமல் காப்பவர்கள் சக்கரத்தடியில் குனிந்து முட்டுக்கட்டை போடுபவர்கள். தெருவின் ஒவ்வொரு பள்ளமும் அவர்களுக்குத் தெரியும். கை நசுங்கும் ஆபத்தும் அவர்களுடையதே. விருந்தினர் வடம் தொடுவதை ஊர் ஒருபோதும் தடுக்கவில்லை. தேர் நிலைக்கு வந்துசேர்ந்தது விருந்தினரால்தான் என்று ஊரில் யாரும் நம்புவதுமில்லை. மாநாட்டு அமைப்பாளர்களுக்கு இந்தத் தெளிவு இல்லை.

அமைப்புக்குழுக்கள் அடுத்த நிரலை அச்சுக்கு அனுப்புமுன் மூன்று காரியங்களைச் செய்யலாம். ஒன்று, இந்தச் சாலைகளில் விழுந்து இந்த மருத்துவமனைகளுக்கு வந்தவர்களில் எத்தனை பேர் எந்த நிலையில் வீடு திரும்பினார்கள், ஓராண்டுக்குப் பின் எப்படியிருக்கிறார்கள் என்பதைக் கணக்கெடுத்து, அதையே மாநாட்டின் முதன்மை உரையாக வைப்பது. இரண்டு, 108 ஊழியர், அவசரப் பிரிவுச் செவிலியர், இயன்முறை மருத்துவர், பராமரிக்கும் குடும்பத்தவர் ஆகியோரிலிருந்து குறைந்தது இருவரைச் சிறப்பு உரையாளர்களாக, அதே அளவு வட்டத்தில் நிழற்படத்துடன், அழைப்பது. மூன்று, ஓர் அமர்வையேனும் முழுக்கத் தமிழில், நட்சத்திர விடுதியில் அல்லாமல் வில்லியனூரிலோ பாகூரிலோ ஒரு பள்ளிக் கூடத்தில், ஊர் கேட்க நடத்துவது. வெளிநாட்டு விருந்தினரும் அங்கே வந்து உட்காரட்டும். மொழிபெயர்த்துச் சொல்ல நம் இலக்கிய நண்பர்கள் பலர் கூலியில்லாமல் வருவார்கள். முதல் பெயராக என்னுடையதை எழுதிக்கொள்ளலாம்.